பிரிக்காத பூப்பொட்டலம்

முப்புரங்களைச் சிரித்தே எரித்தவனே, செருக்குற்ற மாமனாரின் வேள்வியைக் குலைத்துத் தலை கொய்வித்தவனே, அடியவன் ஒருவனுக்காகக் காலனையே காலால் உதைத்தவனே, போற்றி. உன் தண்ணளியைப் பாட உலகில் எத்தனையோ நாவுகள் உண்டு. இந்தக் கிழவன் இன்று உன் நெற்றிக்கண்ணைப் பாட அமர்ந்திருக்கிறேன். உன் மைந்தனின் வேல் என் எழுதுகோலுக்குத் துணை நிற்கட்டும்.

இன்று ஐப்பசி மாதத்து வளர்பிறைச் சஷ்டி. சூரனின் மார்பை வேல் பிளந்த நன்னாள். நோன்பிருப்பவன் கோபம் கொள்ளலாகாது என்று என் மகள் காலையில் நினைவூட்டினாள். கோபத்துக்கென்றே ஆண்டில் ஒரு நாள் வகுக்கப்பட்டிருந்தால் அது இந்த நாள்தான் என்று அவளுக்கு மறுமொழி சொல்லிவிட்டு எழுதத் தொடங்குகிறேன்.

நான் பிறந்தது மடுல்கெல்லவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே தோட்டத்துக் கோயிலில் பதிகம் பாடக் கற்றேன். பள்ளிக்கூடம் தந்ததைவிடக் கோயில் தந்ததே என்னிடம் அதிகம் தங்கியது. திருமணமான பிறகு கண்டி நகருக்கு இறங்கி, என் மனைவியின் அண்ணனோடு கூட்டாக ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை திறந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சந்தையை நோக்கிச் செல்லும் தெருக்களில் ஒன்றில் அது இருந்தது. மச்சான் என்னைவிட மூத்தவர், பேச்சில் வல்லவர். ஆகவே அவர் வாசலில், காசு விழும் மேசை லாச்சிக்குப் பின்னால் அமர்ந்தார். நான் அடுப்படியை ஏற்றேன். பன்வில, மடுல்கெல்லப் பக்கங்களிலிருந்து சாமான் வாங்க வரும் எங்கள் சனங்கள், எங்கள் சாம்பாரை முகர்ந்தே கடையைக் கண்டுபிடிப்பார்கள். அந்தச் சாம்பாரின் பெயர் என் கையால் வந்த பெயர். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததன் எடை தெரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

கடையின் இலாபத்தில் கலகெதரைக்குச் செல்லும் பாதையோரச் சரிவொன்றில் ஒரு காணியும் வாங்கினோம். மிளகுக்கொடியும் கராம்பு மரமும் நின்ற காணி. நடுவே ஓட்டு வீடு. மதிப்பிட்டவர்கள் கடையும் காணியும் ஏறக்குறைய சமம் என்றார்கள்.

இரு குடும்பத்திலும் பிள்ளைகள் வந்தன. பெண்களுக்குள் சிறு முணுமுணுப்புகளும் வந்தன. ஒரு மாலை, பலகைக் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தபோது மச்சான் சொன்னார்.

"மாப்ள, கூட்டு கசந்து போறதுக்கு முன்னுக்குப் பிரிஞ்சுக்குவோம். ஒருத்தருக்குக் கடை, ஒருத்தருக்குக் காணி."

"யாருக்கு எது மச்சான்?"

"அத நாம யாரு சொல்ல? பூ கட்டிப் பாப்போம். முருகன் சொல்லட்டும்."

என் உள்ளம் முழுக்கக் கடையின் மீதே இருந்தது. இருந்தும், முருகன் பெயர் வந்த பிறகு நான் வேறு பேச முடியாது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் சனங்களிடையே பூக்கட்டும் முறை இதுதான். சிவப்புப் பூவொன்றையும் வெள்ளைப் பூவொன்றையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து, வாழைநாரால் ஒன்றுபோலவே கட்டி, மூர்த்தியின் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஒரு குழந்தை அவற்றில் ஒன்றை எடுக்கும். அதிலிருக்கும் நிறமே தெய்வத்தின் வாக்கு. எடுக்காமல் மிஞ்சிய பொட்டலத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். பிரித்துப் பார்ப்பது தெய்வத்தின் பேச்சைச் சரிபார்ப்பதாகும். அதை அப்படியே கொண்டுபோய்க் கோயில் மரத்தடியில் விட்டுவிடுவார்கள்.

நகரத்துக்கு மேலே, சரிவில் நின்ற ஒரு சிறு முருகன் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் கூடினோம். பொட்டலங்களை மூத்தவர் என்ற முறையில் மச்சானே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சிவப்பு வந்தால் கடை, வெள்ளை வந்தால் காணி. எடுக்க வேண்டிய குழந்தை என் மகள். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகவும் தொடங்கவில்லை. தாய்மாமன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எடும்மா ராசாத்தி, அப்பாவுக்கு நல்லதா ஒண்ணு எடு" என்று கொஞ்சினார்.

அவள் எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை நந்தியாவட்டை.

என் மனைவி என் காதருகே, "மத்தத ஒருக்காப் பாத்துருவோமாங்க?" என்றாள்.

"வாய மூடு. சாமியச் சோதிக்கிறியா?" என்று அதட்டினேன். அன்று அந்தச் சந்நிதியில் அவள் ஒருத்திக்கே கண் திறந்திருந்தது. அதை மூடச் சொன்னவன் நான். மச்சான் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி, "மாப்ள மாதிரி பக்தி எனக்கெல்லாம் வராது தங்கச்சி" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் பாராட்டாகவே சுமந்து திரிந்தேன்.

காணிக்குப் போனோம். மிளகு பறிக்கக் கற்றேன், கராம்பு காயவைக்கக் கற்றேன். இரண்டாவது பெருமழைக்கு மேல்சரிவு அசைந்தது. அயல்வீட்டுச் சிங்களக் கிழவர் ஒருவர் ஓடிவந்து, "எல்லாரும் வெளியே வாங்கோ" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கத்தியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை. நாங்கள் பாதைக்கு ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, கராம்பு மரங்கள் நின்றபடியே நடந்து இறங்கின. ஓட்டு வீடு அவற்றின் பின்னால் போயிற்று. மிஞ்சிய நிலத்தை வாங்க ஆள் இல்லை.

அதே ஆண்டில், மேற்குத் தோட்டங்களுக்கும் கிழக்குத் தோட்டங்களுக்கும் போகும் பஸ்கள் நிற்கும் இடத்தை நகரத்தில் மாற்றினார்கள். மாற்றிய இடம் எங்கள் பழைய கடைக்கு நேர் எதிரே. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் வீதியைக் கடந்தால் வடை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்கு நிழல் அந்தக் கடையின் முன்தாழ்வாரம். மச்சான் பக்கத்து அறையையும் எடுத்தார், பிறகு மாடியையும் எடுத்தார். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்தக் கொடிய காலத்திலும் அவருடைய அடுப்பு அணையவில்லை.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பண்டசாலைக் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். நகரத்தின் விளிம்பில் ஓர் அறையில் மனைவியும் மகளும். வாரம் ஒருமுறை நான் இறங்கி வரும்போது அந்தக் கடையில் சாப்பிடுவேன். மச்சான் லாச்சிக்குப் பின்னாலிருந்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "ஏய், மாப்ளகிட்டக் காசு வாங்காத! அவரு நம்ம ஆளு!" என்பார். மேசைகளில் இருந்தவர்கள் திரும்பி என் சட்டையைப் பார்ப்பார்கள். நான் கை கழுவிவிட்டு அவரைக் கும்பிட்டு வெளியே வருவேன். எத்தனை முறை கும்பிட்டிருப்பேன்! என் மகளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தபோது கும்பிட்டேன். அவளுடைய திருமணத்துக்கு அவர் சங்கிலி போட்டபோது காலில் விழப் போனேன்.

அந்த ஆண்டுகளில் நான் யாரையும் நோகவில்லை. வெள்ளைப் பூ முருகன் தந்தது, மண் சரிந்தது என் வினை, பஸ் நின்றது அவர் புண்ணியம் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஏழைக்கு அது பெரிய ஆறுதல். தன்னை விழுத்தியது தெய்வம் என்று நம்புகிறவன், விழுந்த இடத்திலும் தெய்வத்தின் கைக்குள்ளேயே கிடப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

மகள் பன்விலப் பக்கத்தில் ஆசிரியையானாள். அவளும் மருமகனும் ஒரு துண்டு நிலம் வாங்க எண்ணி, இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாமல் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்.

"பேசாம பூ கட்டிப் பாருங்களேன்."

மகள் சிரித்தாள். "போங்கம்மா. ரெண்டுலயும் வெள்ளப் பூவ வச்சிட்டு, அதுல ஒண்ண எடுன்னா என்னத்த எடுக்க?"

"ரெண்டுலயும் வெள்ளையா? சிவப்பு ஒண்ணு, வெள்ள ஒண்ணுல்ல வைக்கணும்?"

"அப்பிடியா? நம்ம காணிக்குப் பாத்தப்ப ரெண்டும் வெள்ளதானே? மரத்தடியில போட்ட பொட்டலத்த நான் போயி எடுத்துட்டேன். அதுலயும் வெள்ளதான் இருந்திச்சு. அத அந்தக் கல்லு மயிலு தலையில வச்சேன். அப்பா பாத்தா அடிப்பீங்கன்னு சொல்லல."

சோற்றுக்குள் இருந்த என் கை அப்படியே நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். மருமகன் ஒன்றும் புரியாமல், "ரசம் ஊத்தவா மாமா?" என்றார்.

அன்று முதல் என் இரத்தம் வேறு இரத்தமாயிற்று.

பலரும் எண்ணுவது போல் நான் கடைக்காக மட்டும் கொதிக்கவில்லை. நேர்மையாகக் கட்டியிருந்தாலும் வெள்ளை வந்திருக்கலாம். அப்போதும் மண் சரிந்திருக்கும், அப்போதும் பஸ் அவர் வாசலில் நின்றிருக்கும். அவர் என்னிடமிருந்து எடுத்தது ஒரு பாதி வாய்ப்பு. அந்தப் பாதி எத்தனை சிறியது என்று கேட்பவர்கள், ஒருமுறையாவது அது இல்லாமல் நின்று பார்க்க வேண்டும். நல்ல காலமும் கெட்ட காலமும் மனிதன் கையில் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. மழையை நான் மன்னித்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தை மாற்றியவர்களை மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரு மனிதன் தன் கையால் ஒரு நிறத்தை நீக்கிவிட்டு, மிஞ்சியதற்குத் தெய்வத்தின் பெயரைச் சூட்டி, என் மகளின் பிஞ்சுக் கையால் அதை எடுக்கவைத்தானே! இத்தனை ஆண்டு நான் முருகனின் சித்தம் என்று பாடிய பாட்டெல்லாம் அந்த மனிதனின் சித்தத்தை அல்லவா பாடியிருக்கிறது!

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாயிற்று. அவர் வாயால், அவர் நாக்கால், 'நான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும்.

நான் ஓடிப்போய்ச் சண்டையிடவில்லை. காத்திருந்தேன். காத்திருக்க எனக்குத் தொழிற்சாலை கற்றுத் தந்திருந்தது. வழக்கம்போலக் கடையில் சாப்பிட்டேன். இம்முறை கும்பிடவில்லை.

மச்சானுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரும் கடையையே கேட்டார்கள், இருவருக்கும் பேராதெனியப் பக்கத்துப் புதுவீடு வேண்டாம். ஒரு காலையில் மச்சான் ஆப்பிள் பழங்களோடு எங்கள் அறைக்கு வந்து, கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"மாப்ள, இந்தப் பயலுகளுக்கு ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு நம்பிக்கையில்ல. பூ கட்டிருவோம்னு சொல்லிட்டேன். நான் கட்டுனாச் சின்னவன் சந்தேகப்படுவான். நீங்கதான் கட்டணும். ஒங்க மேல ஊருக்கே நம்பிக்கை."

என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கட்டுறோம்ணே. குடும்பத்தோட வாறோம்" என்றாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

அதே கோயில், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை. மச்சான் இப்போது அந்தக் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர். அவர் பெயர் சுவரில் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. நான் எல்லோரும் பார்க்கச் சிவப்பொன்றும் வெள்ளையொன்றும் எடுத்து, மடித்து, கட்டினேன். பிறகு பூசாரியிடம் சொன்னேன்: "எடுத்த பிறகு ரெண்டையும் பிரிக்கணும்."

"அப்பிடி வழக்கமில்லையே ஐயா."

"இன்னையிலருந்து வழக்கம்."

மூத்த மகன் புருவத்தை உயர்த்தினான். "ஏன் மாமா? நீங்கதானே கட்டினீங்க, ஒங்களையா சந்தேகப்படப் போறோம்?"

"என்னைய இல்ல தம்பி. இந்த எடத்துல ஒருக்கா ரெண்டுலயும் வெள்ளப் பூ இருந்திச்சு. கட்டினவர் ஒங்க அப்பா."

மகள் முன்னே வந்து, தான் எடுத்ததையும் கண்டதையும், கல்மயிலைக் காட்டியே சொன்னாள். மச்சான் முதலில் சிரித்தார்.

"பாலு குடிச்ச புள்ளைக்கு என்ன நெனப்பு இருக்கும்? கனவு கண்டிருக்கும்."

அப்போது என் மனைவி, அவருடைய ஒரே தங்கை, தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்பக் கையால அணைங்கண்ணே. 'நான் செய்யல'ன்னு சொல்லி அணைச்சிருங்க. எம் புள்ள பொய் சொன்னதா இருக்கட்டும், நாங்க இனி வாயத் தொறக்க மாட்டோம்."

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்தைப் பொய்யாகச் செய்தவன் வம்சம் விளங்காது என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. அவருடைய வம்சம் இருபுறமும் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தினார். சுடரை நோக்கிப் பாதித் தூரம் போயிற்று அந்தக் கை. பிறகு அது அவருடைய சால்வையைச் சரிசெய்தது.

கற்பூரம் தானே எரிந்து தானே அடங்கியது. என் நெஞ்சில் சூரன் மாமரமாய்ப் பிளந்து விழுந்த ஓசையைக் கேட்டேன். அந்த இன்பத்தை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

"ஏம்ப்பா, பேசுங்களேன்!" என்று இளையவன் கத்தினான். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

பூ எடுக்கப்படவே இல்லை. தம் தந்தை தொட்ட எதையும் பிள்ளைகள் நம்பவில்லை, ஒருவரையொருவரும் நம்பவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது. கடையின் பலகைக் கதவில் பூட்டு ஏறியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மூடிய கதவில் சாய்ந்து நின்றார்கள். நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சுற்றுப்பாதையாக அந்தத் தெருவழியே போனேன்.

சில மாதங்களுக்குப் பின் மச்சான் தனியே வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"மாப்ள, மாசாமாசம் ஏதாச்சும் தர்றேன். ஒங்களுக்கும் வயசாகுது. வாடக ரூம்ல எத்தன நாளைக்கு?"

"காசு வேணாம் மச்சான். 'நான் செஞ்சேன்'னு ஒரு வார்த்தை. சொன்னாப் போதும்."

"மண்ணு சரிஞ்சதுக்கு நானா பொறுப்பு? மழைய நானா அனுப்பிச்சேன்?"

"அதக் கேக்கல."

"கடை ஒங்களுக்கு வந்திருந்தா இப்பிடி வளந்திருக்குமா? நீங்க லாச்சிக்குப் பக்கத்துல இருந்து பதிகம் பாடிக்கிட்டிருப்பீங்க!"

"அதையும் கேக்கல."

அவர் உதடு அசைந்தது. அந்த ஒரு கணம் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். "குடை எடுத்துட்டு வரல, மழ வரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி அன்றிரவு உண்ணவில்லை. "காச வாங்கியிருக்கலாம். கூரை ஒழுகுது" என்றாள். சற்று நேரங் கழித்து, "வாங்காததும் சரிதான்" என்றாள்.

அவர் இறந்தபோது சென்றோம். மனைவிக்கு அண்ணன், போகாமல் இருக்க முடியாது. எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டுச் சாவிலும் பாடையெடுக்கும் முன் பதிகம் பாடுபவன் நானே. அறியாத வீடுகளிலும் அழைத்துப் பாடச் சொல்வார்கள், கூலி வாங்காமல் பாடுவேன். ஆன்மா துணையின்றிப் போகக் கூடாது என்பது என் நோன்பு. மூத்த மகன் ஈர வேட்டியோடு வந்து என் முன் கைகூப்பினான்.

"மாமா, அப்பாவுக்கு ஒரு பதிகம்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். அழுகை அடங்கியது. அவர்கள் காத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ ஒரு பையன் ஒலிநாடாவைப் போட்டான். அதில் யாரோ பாடினார். அந்தப் பாட்டோடு பாடை வாசலைத் தாண்டியது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்ததும், "பாடியிருக்கலாம்" என்றாள்.

"அவர் வாயத் தொறந்திருந்தா நானும் தொறந்திருப்பேன்."

பாடாததற்கு இன்று வரை நான் வருந்தவில்லை. நாளை வருந்துவேனா என்று முருகனே அறிவான். இம்முறை அது உண்மையாகவே அவன் சித்தம்.

இதைப் படிப்போர் யாவராயினும், என் மனைவியின் அண்ணன் பிள்ளைகளாயினும், அவர்களின் பிள்ளைகளாயினும், உங்கள் அடுப்பு அணையாதிருக்க. உங்கள் மேல்சரிவு அசையாதிருக்க. உங்களுக்கு வரும் நன்மையும் தீமையும் மனிதர் கை கலவாமல், நேரே இறைவன் கையிலிருந்தே வருக. சேவற்கொடியோன் திருவருள் உங்கள் அனைவர் மனையிலும் நிலைத்து நிற்க.